கார் கை மாறியது, பெயர் மாறியதா?

2022-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் தீபாவளி.

அதிகாலை 4 மணி இருக்கும். கோவை நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. உக்கடத்தில் கோட்டை ஈசுவரன் கோவில் முன்னால் ஒரு கார் பயங்கரச் சத்தத்துடன் வெடித்தது. காரில் இருந்த வாலிபர் உடல் கருகி இறந்தார்.

போலீசார் விரைந்து வந்தார்கள். கார் உருக்குலைந்து கிடந்தது. அது ஒரு மாருதி 800.

போலீசாரின் முதல் கேள்வி என்ன தெரியுமா?

"இது யாருடைய கார்?"

அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடைக்கவில்லை. கார் பல கை மாறி வந்திருந்தது. ஒருவர் வாங்கி, இன்னொருவருக்கு விற்று, அவர் மற்றொருவருக்கு விற்று, இப்படியே போயிருந்தது. போலீசார் ஒவ்வொரு கையாகத் தேடிப் பிடித்தார்கள். எப்போதோ அந்தக் காரை விற்றுவிட்டு அதை மறந்தே போனவர்களும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு வழக்கு தேசிய புலனாய்வு முகமையிடம் போயிற்று.

காரை விற்றவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் காரோடு அவர்களுக்கு இருந்த தொடர்பு, அவர்கள் நினைத்ததுபோல் அறுந்துவிடவில்லை.

விற்றும் விடவில்லை!

இன்னொரு சம்பவம். இது வட இந்தியாவில் நடந்தது.

ஒருவர் தன் காரை 2007-ம் ஆண்டு ஜூலை மாதம் விற்றார். பணத்தை வாங்கினார். சாவியைக் கொடுத்தார். "இனி நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை" என்று நினைத்தார்.

வாங்கியவர் மறு ஆண்டே அதை இன்னொருவருக்கு விற்றார். அவர் மூன்றாமவருக்குக் கொடுத்தார். எத்தனை பேர் வாங்கினால் என்ன? ஒருவர்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றவில்லை. இன்சூரன்சும் இல்லை.

2009-ம் ஆண்டு மே மாதம், தெருவில் நடந்து போனவர்கள் மீது அந்தக் கார் மோதியது. ஒரு பெண் காயம் அடைந்தார். உடன் வந்த உறவினர் இறந்து போனார்.

நஷ்டஈடு யார் கொடுப்பது? வழக்கு நடந்தது. "நான் விற்றுவிட்டேன்" என்றார் முதல் மனிதர். "நானும் விற்றுவிட்டேன்" என்றார் அடுத்தவர். உயர் நீதிமன்றம் கடைசியாக வாங்கியவர் பக்கம் கை காட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

2018-ம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்தில் சிக்கியவர்கள், கை மாறிய ஒவ்வொருவரையும் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதன் நியாயம்.

விபத்து நடந்தபோது அந்த முதல் மனிதர் கார் எங்கே ஓடுகிறது என்பதையே அறியாதவர். விற்று ஏறக்குறைய 2 ஆண்டு ஆகிவிட்டது. என்றாலும் சட்டத்தின் கண்ணில் கார் அவருடையதே!

இந்தச் சம்பவத்திலும் கார் மாருதி 800 தான். அதற்காக அந்தக் காரைக் குறை சொல்ல வேண்டாம். 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார் அது. நாடு முழுவதும் லட்சக்கணக்கில் ஓடியது. நடுத்தரக் குடும்பத்தின் முதல் கார். ஆகையால் கை மாறியதும் அதுதான் அதிகம்.

நல்லூர் கட்டிங் மாஸ்டர்

கோவையை விட்டு நம் நல்லூருக்கு வருவோம்.

திருப்பூரில் காங்கேயம் ரோட்டில் இருக்கிறது நல்லூர். முன்பு தனி நகராட்சி. 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பனியன் கம்பெனிகளும் அவற்றை நம்பி வாழும் குடும்பங்களும் நிறைந்த ஊர்.

இங்கே ஒரு கட்டிங் மாஸ்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பல வருடமாக மொபெட்டில் போய் வருகிறார். தாயாருக்கு மூச்சுத் திணறல். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வந்தால் ஆட்டோ கிடைப்பதில்லை. ஒரு கார் இருந்தால் தேவலை என்று மனைவி சொல்கிறாள். புதுக் காருக்கு வசதி போதாது. சீட்டு எடுத்த பணம் இரண்டரை லட்சம் கையில் இருக்கிறது.

இந்த நேரத்தில் பக்கத்து வீதியில் ஒருவர் கார் விற்கிறார் என்று தெரிய வருகிறது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர்.

"நம்ம காருங்க. ஒரு வேலை கிடையாது. அப்படியே எடுத்துட்டுப் போய் ஓட்ட வேண்டியதுதானுங்க" என்கிறார் விற்பவர்.

"பேர் மாத்தறதுங்களா?" என்று கேட்கிறார் கட்டிங் மாஸ்டர்.

"அது கெடக்குதுங்க. பாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன். நீங்க அப்புறம் மெதுவா மாத்திக்குங்க."

இந்த 'அப்புறம்' என்ற சொல்லில்தான் எல்லா வில்லங்கமும் இருக்கிறது. அது எப்படி என்று சொல்வதற்கு முன், காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவோம்.

துணி பார்க்கும் கண்

நூறு ரூபாய் பனியனில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் செக்கிங் பெண்கள் கண்டுபிடித்து விடுவார்கள். ஒரே ரோலில் இரண்டு ஷேடு இருந்தால் கட்டிங் மாஸ்டர் கத்தியையே தொடமாட்டார். அந்தக் கண்ணோடு காரைப் பார்த்தாலே போதும். பாதி குற்றம் வெளிவந்துவிடும்.

ஆனால் ஒன்று. துணியை ராத்திரி வெளிச்சத்தில் பார்ப்பார்களா? காரையும் பார்க்கக்கூடாது. நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். கழுவி ஈரமாக நிற்கும் காரையும் பார்க்க வேண்டாம். தண்ணீர் எல்லா ஷேடையும் மறைத்துவிடும்.

காரின் ஒரு மூலையில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். ஒரு கதவு மட்டும் நிறம் மாறித் தெரிகிறதா? கதவுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கிறதா? அங்கே அடி விழுந்திருக்கிறது. சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். தகட்டில் ஒட்டும். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அதில் எப்போதும் ஒட்டாது. அதைக் கண்டு பயந்துவிட வேண்டாம்.

கண்ணாடிகளின் மூலையில் சிறிய எழுத்துகள் இருக்கும். எல்லாக் கண்ணாடியும் ஒரே கம்பெனியாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால், அது ஏன் உடைந்தது என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. கல் பட்டு உடைந்திருக்கலாம். கார் உருண்டும் இருக்கலாம்.

டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். "போன வருஷம்தானுங்க மாத்துனேன்" என்று சொல்லும் டயர் 7 வருடம் பழையதாக இருப்பதும் உண்டு. ஒரு டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் சரியில்லை, அல்லது அடியில் ஏதோ வளைந்திருக்கிறது. மெக்கானிக்கைக் கேட்க வேண்டிய சங்கதி அது.

மீட்டரில் கிலோ மீட்டர் குறைவாக இருக்கிறதா? சந்தோஷப்படுவதற்கு முன் காலடியில் பாருங்கள். 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய காரில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்காது. ஸ்டீயரிங் பளபளக்காது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட கார் என்றால் ஒவ்வொரு சர்வீசின்போதும் மீட்டர் கணக்கு எழுதப்பட்டிருக்கும். விற்பவரையும் அழைத்துக்கொண்டு போய் அந்தக் கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டால் பொய்க்கு இடமில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தது. ஏராளமான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மறுபடியும் சென்னையில் வெள்ளம். அதே மாதத்தில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் வெள்ளம். அப்படி மூழ்கிய காரைத் துடைத்து, வாசனை தெளித்து, தூரத்து ஊரில் கொண்டுபோய் விற்றால் யாருக்குத் தெரியும்?

சீட் பெல்ட்டுக்குத் தெரியும்!

பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். வழக்கமாக உள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசிப் பகுதியைப் பாருங்கள். சேற்றுக் கறை ஒரு கோடாகப் படிந்திருந்தால் கார் குளித்திருக்கிறது. அதோடு சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் வண்டல், மூடி வைத்த காரைத் திறந்ததும் வரும் ஊறல் நாற்றம். இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். இன்றைய காரில் ஒயரும் கம்ப்யூட்டர் பெட்டியும் அதிகம். தண்ணீர் புகுந்த ஒயர் இன்று வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து நடுவழியில் நிற்கும்.

என்ஜினைச் சோதிக்கவும் ஒரு தந்திரம் உண்டு. போனதும் பானட்டின்மேல் கை வையுங்கள். சூடாக இருக்கிறதா? நீங்கள் வருமுன்பே என்ஜினை ஓட்டி வைத்திருக்கிறார்கள். கிளம்ப அடம்பிடிக்கும் கார்கூடச் சூட்டில் சமர்த்தாகக் கிளம்பிவிடும். ஆறவிட்டுப் பிறகு கிளப்பச் சொல்லுங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மோர்போல நுரை படிந்திருந்தால் அதே சந்தேகம்தான்.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய கோளாறு. விளக்கையே கழற்றி வைத்திருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது வழவழப்பான ரோட்டில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பினால் பயனில்லை. மேடு பள்ளத்திலும் ஓட்ட வேண்டும். திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை! ஓட்டுவதற்கு முன் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்திலும் விபத்து நடக்கலாம் அல்லவா?

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போவது எல்லாவற்றிலும் மேல். கருவியைச் செருகிக் காரின் கம்ப்யூட்டரில் பதிவாகியுள்ள கோளாறுகளைப் படித்துவிடுவார். அவருக்குக் கொடுக்கும் கூலியைச் செலவு என்று நினைக்காதீர்கள். "மெக்கானிக் எல்லாம் எதுக்குங்க, நம்பிக்கை இல்லீங்களா?" என்று விற்பவர் கேட்டால், அந்தக் காரை மறந்துவிடுங்கள்.

17 எழுத்து

கார் பிடித்துவிட்டது. இனிக் காகிதம்.

இப்போது அது புத்தகமாக வருவதில்லை. ஒரு சின்ன அட்டைதான். ஆனாலும் நம் ஊரில் 'ஆர்.சி. புக்' என்றுதான் பெயர். அதன் அசலைக் கேளுங்கள். ஜெராக்ஸ் போதாது.

அதில் சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டும் இருக்கும். சேசிஸ் நம்பர் 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. காரின் உடம்பிலும் அதே நம்பர் அடிக்கப்பட்டிருக்கும். பானட்டுக்குள் பின்சுவரிலோ முன் சீட்டுக்கு அடியிலோ இருக்கும். கார் கம்பெனியின் கையேட்டில் இடம் குறித்திருப்பார்கள். ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஹூண்டாய் கார் என்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கும். டாட்டா என்றால் எம்.ஏ.டி. அந்த இடத்தில் தகடு வெட்டி ஒட்டியதுபோலவோ எண்கள் கோணலாகவோ இருந்தால் அது திருட்டுக் காராக இருக்கலாம்.

இந்த இரண்டு நம்பரையும் கொண்டு, கார் திருடு போனதாகப் புகார் இருக்கிறதா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. போலீஸ் நிலையத்துக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலியில் காரின் நம்பரைத் தட்டினால், எந்த ஆண்டு பதிவானது, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் ஏதும் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மட்டும் காட்டி மற்றதை மறைத்திருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும். போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் இ-செலான் தளத்தில் பார்க்கலாம். முந்தியவர் சிக்னலைத் தாண்டியதற்கு நீங்கள் பணம் கட்டுவானேன்?

ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் எதிரே நிற்கும் மனிதரின் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "என் மச்சானோட காருங்க, அவர் வெளியூர்ல இருக்காரு" என்றால் மச்சான் வரும்வரை காத்திருங்கள். "எங்க அப்பா பேர்ல இருக்குது, அவரு தவறிட்டாரு" என்றால், முதலில் காரை வாரிசு பெயருக்கு மாற்றி வரச் சொல்லுங்கள். அதற்குத் தனிப் பாரம் உண்டு. மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும்.

திருப்பூருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பல கார்கள் பனியன் கம்பெனியின் பெயரிலேயே இருக்கும். கூட்டு வியாபாரம் என்றால் ஒரு பங்குதாரர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது பிறகு சண்டையில் முடியும். எல்லோருடைய சம்மதமும் கம்பெனிக் கடிதமும் வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள கம்பெனி பழைய காரை லாபத்தில் விற்றால் அந்த லாபத்துக்கு வரி உண்டு. 2025 ஜனவரி முதல் அது 18 சதவீதம். தனி மனிதர் தன் சொந்தக் காரை விற்றால் இந்த வரி கிடையாது.

அடுத்தது கடன். பைனான்சில் எடுத்த கார் என்றால் ஆர்.சி.யில் அது குறிக்கப்பட்டிருக்கும். "கடன் எல்லாம் கட்டி முடிச்சாச்சுங்க" என்பார்கள். முடித்திருக்கலாம். ஆனால் பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாக் கடிதத்தோடு 35-ம் நம்பர் பாரத்தையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால்தான் பதிவிலிருந்து கடன் நீங்கும். அதை நீக்காத கார் உங்கள் பெயருக்கு மாறாது. கடன் உண்மையிலேயே பாக்கி இருந்தால், பைனான்ஸ்காரர்கள் ஒருநாள் வந்து உங்கள் வாசலில் இருந்தே எடுத்துப் போவார்கள்.

வெளி மாநிலக் கார் மலிவாகக் கிடைக்கும். தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும். இங்கே புது நம்பர் வாங்க வேண்டும். இத்தனையும் கூட்டிப் பார்த்தால் மலிவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

வெற்றுப் பாரம்

இப்போது அந்த 'அப்புறம்' என்ற சொல்லுக்கு வருவோம்.

கார் விற்கும்போது இரண்டு பாரங்கள் முக்கியம். 29-ம் நம்பர் பாரம், "நான் இன்னாருக்கு விற்றுவிட்டேன்" என்று விற்றவர் தரும் தகவல். 30-ம் நம்பர் பாரம், பெயர் மாற்றக் கோரும் மனு. மாநிலத்துக்குள்ளேயே விற்பனை என்றால் விற்றவர் 14 நாளில் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் மனுச் செய்ய வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு இப்படித்தான் சொல்கிறது.

நடப்பது என்ன? விற்பவர் இரண்டு பாரத்திலும் கையெழுத்துப் போடுகிறார். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் காலி. தேதியும் காலி. அதை வாங்கியவர் பீரோவில் வைத்துக்கொள்கிறார். நான்கு மாதம் ஓட்டுகிறார். பிடிக்கவில்லை. அதே வெற்றுப் பாரத்தோடு இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறார். அவர் அடுத்தவருக்கு. பெயர் மாற்றும் கட்டணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்!

ஒரு கார் பல கை மாறியும் பதிவில் பழைய பெயரே நிற்பது இப்படித்தான். எங்கோ ஓடும் கார் விபத்து செய்தால், சாராயம் கடத்தினால், அதைவிடப் பெரிய விபரீதம் நடந்தால், போலீசார் கதவைத் தட்டும் முதல் வீடு பாரத்தில் கையெழுத்துப் போட்டவர் வீடு.

வாங்கியவருக்கு மட்டும் லாபமா? அதுவும் இல்லை. கட்டிங் மாஸ்டர் கொடுத்த இரண்டரை லட்சமும் ஒரு வெற்றுப் பாரத்தை நம்பி நிற்கிறது. நாளைக்கு விற்றவர் இறந்து போனால் அந்தக் கையெழுத்து என்ன ஆகும்? ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து விற்றவரின் கைபேசிக்கு ரகசிய எண் வந்தால், அவர் வெளிநாடு போயிருந்தால், அதை யார் சொல்வது?

இன்சூரன்சில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கார் கை மாறும்போது, மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் காரோடு கூடவே போகும். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாக வராது. 14 நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கிய கம்பெனியின் பெயருக்கு பாலிசியை மாற்றாத ஒரு கார் விஷயத்தில், சொந்தச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று உச்ச நீதிமன்றமே 1995-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பல வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்காகக் கிடைக்கும் கட்டணச் சலுகையும் விற்றவருக்குச் சொந்தம். அது காருக்குச் சொந்தமானதல்ல. அவர் தன் அடுத்த காருக்கு எடுத்துப் போய்விடுவார்.

"பேர் மாத்தறது அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்று விற்பவர் சொன்னால், கட்டிங் மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்கலாம்:

"அப்படீன்னா பணமும் அப்புறம் வாங்கிக்குவீங்களாங்க?"

பணம் எப்போது?

காரைக் கண்ணால் பார்க்கும் முன் ஒரு காசு கொடுக்கக்கூடாது. "ராணுவத்தில் இருக்கிறேன், மாறுதல் வந்துவிட்டது, காரை அவசரமாக விற்கிறேன், முன்பணம் அனுப்புங்கள்" என்று கைபேசியில் பேசும் மோசடி நாடு முழுவதும் நடந்திருக்கிறது. விலை பாதியாக இருக்கும். சீருடைப் படம்கூட வரும். கார் மட்டும் வராது.

விலை பேசும்போது இன்சூரன்ஸ் தாளைப் புரட்டுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பு அதில் இருக்கும். அது பேரத்துக்கு ஒரு தொடக்கம். 15 ஆண்டை நெருங்கும் கார் என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5 ஆயிரமாக ஏறிற்று.

பணத்தை பாங்கி வழியாகக் கொடுப்பதே நல்லது. விற்பவர் ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாம். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடுத்திருக்கிறது. அபராதம் வாங்கியவர் தலையில் விழும். இதைச் சொன்னாலே பலர் வழிக்கு வந்துவிடுவார்கள்.

முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். பெரும்பகுதியைக் கொடுத்து, ஒரு சிறு தொகையைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வைப்பது இருவருக்கும் நல்லது. விற்பவர் முணுமுணுக்கலாம். ஆனால் பெயர் சீக்கிரம் மாற வேண்டும் என்ற அக்கறை அப்போதுதான் அவருக்கும் வரும். இந்த ஏற்பாட்டைப் பேச்சோடு விடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

காரை ஒப்படைக்கும்போது இன்னொரு சீட்டு வேண்டும். இன்ன தேதி, இன்ன மணி, மீட்டரில் இத்தனை கிலோ மீட்டர், இன்னார் இன்னாரிடம் ஒப்படைத்தார். மணியைக் கட்டாயம் எழுத வேண்டும். காலை 10 மணிக்கு நடந்த விபத்துக்கும் 11 மணிக்கு நடந்த விபத்துக்கும் யார் ஓட்டினார்கள் என்ற கேள்வி வந்தால் அந்த ஒரு வரிதான் சாட்சி. இரண்டாவது சாவியையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தரகரும் உரிமையாளர்போல நடிப்பது உண்டு. பழைய கார் வியாபாரிகள் பதிவுபெற வேண்டும், கார் தங்கள் கைக்கு வந்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அப்படித் தெரிவித்துவிட்டால், அவர் கையில் இருக்கும்வரை காருக்கு அவரே பொறுப்பு. "என் சொந்தக் கார்" என்பவரிடம் இதே வாரத்தில் மூன்று சொந்தக் கார்கள் இருந்தால் விஷயம் விளங்கிவிடும்!

தபாலில் வரும் அட்டை

கட்டிங் மாஸ்டரும் விற்பவரும் ஒருநாள் லீவு போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாரங்களில் பெயர், தேதி எல்லாவற்றையும் அங்கேயே நிரப்பினார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆதார் எல்லாம் சேர்த்து மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினார்கள். அந்த ரசீதில் ஒரு நகல் விற்றவரிடமும் இருக்கிறது.

திரும்பும் வழியில் டீ குடித்தார்கள். காசு கொடுத்தது விற்றவர்.

2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கொடுப்பதில்லை. விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வரும். ஆகையால் முகவரியில் வீதியின் பெயரோ பின்கோடோ தப்பாக இருந்தால் அட்டை திரும்பிப் போய்விடும்.

நல்லூர் வீட்டுக்குத் தபால்காரர் வருகிறார். கட்டிங் மாஸ்டர் கம்பெனியில் இருக்கிறார். தாயார் கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறாள். சாயங்காலம் அவர் வந்து பிரித்துப் பார்க்கிறார். தன் பெயர். அதை ஒரு படம் எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புகிறார். நிறுத்தி வைத்த பாக்கித் தொகையை விற்றவருக்கு அனுப்புகிறார்.

விற்றவர் பணம் வந்ததைப் பார்க்கிறார். ஆனாலும் உடனே கைபேசியைக் கீழே வைக்கவில்லை. எம்-பரிவாகனைத் திறந்து, தான் பல வருடம் ஓட்டிய காரின் நம்பரைத் தட்டுகிறார். உரிமையாளர் பெயர் வருகிறது. பாதி எழுத்துகள் நட்சத்திரக் குறியாக மறைந்திருக்கின்றன. முதல் எழுத்து மட்டும் தெரிகிறது.

அது அவருடைய எழுத்து இல்லை.